‘ஃபுல் ட்யூப்’ என்று விற்ற ஆம்ப்பில் பவர் ட்யூப்பே இல்லை

சென்னையில் செகண்ட் ஹேண்ட் ட்யூப் ஆம்ப் (வால்வு ட்யூப்களால் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள். "ஃபுல் ட்யூப், 100 வாட், நாலு ஈ.எல். 34-உம் இப்பதான் மாத்தினது" என்று சொல்லி ஒரு டீலர் எனக்கு மார்ஷல் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப் பெட்டி) ஒன்றை விற்றார். ட்யூப் மாற்றிய செலவு என்று 12,000 ரூபாயைத் தனியாகவே பில்லில் போட்டார். அந்தப் பெட்டிக்குள், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ட்யூப்பான ஈ.எல். 34 மாட்ட சாக்கெட்டே கிடையாது.

மேடையில் நான் வாசிப்பது ரோலண்ட் ஜேசி-120. 1975-இல் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப். கிளீன் சத்தத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் அதிலேயே இருக்கும் டிஸ்டார்ஷனைத் திருப்பினால் காதோரம் கொசு கத்துவது போல இருக்கும். அதனால் ஓவர்டிரைவுக்கென்று, அதாவது கரகரப்பான சத்தத்துக்கென்று, இரண்டாவது ஆம்ப் ஒன்று தேவைப்பட்டது. நான் மனதில் வைத்திருந்தது மார்ஷலின் ஃபுல் ட்யூப் ஆம்ப்பான ஜேசிஎம் 800 வகை. அதில் ப்ரீஆம்ப்பில் (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) உள்ள ஈ.சி.சி. 83 ட்யூப்கள் முதலில் கரகரக்கத் தொடங்கும். மாஸ்டர் வால்யூமை ஏற்ற ஏற்ற பவர் ட்யூப்களும் சேர்ந்துகொள்ளும். பிக்கை அழுத்தினால் சத்தம் தடிக்கும், தளர்த்தினால் தெளியும். அந்த உணர்வுக்காகத்தான் இவ்வளவு காசும் கனமும்.

கடையில் கேட்டபோது அருமையாக இருந்தது. சின்ன அறை, குறைந்த வால்யூம். பின்பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னதற்கு, "சீல் உடைஞ்சா வாரண்டி போயிடும் சார்" என்றார். வாசித்துக் காட்டும்போது ஸ்பீக்கர் கேபினட்டுக்குப் பின்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடல் ஆனிலேயே இருந்ததை, அங்கே வேலை பார்த்த பையன் பிறகுதான் சொன்னான்.

முதல் ஷோவிலேயே தெரிந்துவிட்டது. வால்யூம் பாதியைத் தாண்டியதும் சத்தம் தடிக்கவில்லை, கிழிந்தது. வால்வு ரேடியோ காலத்திலிருந்து பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பின்பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரே ஒரு ஈ.சி.சி. 83. பவர் பகுதி முழுக்க டிரான்சிஸ்டர். 1990-களில் வந்த வால்வ்ஸ்டேட் 8100 என்ற, ட்யூப்பும் டிரான்சிஸ்டரும் கலந்த ஹைப்ரிட் அது. முகப்பில் மாடல் பெயரைச் சுரண்டி, அதன்மேல் ஜேசிஎம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அந்த மாடலைக் குறை சொல்லவில்லை, ‘டெத்’ என்ற மெட்டல் இசைக்குழுவின் சக் ஷுல்டினர் வாசித்த ஆம்ப் அது. அதன் பெயரிலேயே, அதன் விலைக்கு விற்றிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பின்பலகையைத் திறக்காமலே பார்க்கக்கூடியதைப் பெரியவர் சொல்லிக் கொடுத்தார். 100 வாட் ஃபுல் ட்யூப் மார்ஷல் ஹெட் என்றால் இரண்டு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், எடை 20 கிலோவை ஒட்டி வரும். ஸ்பீக்கர் அவுட்டில் 4, 8, 16 ஓம் என்று தேர்ந்தெடுக்க வசதி இருக்கும். 'குறைந்தபட்சம் 4 ஓம்' என்று மட்டும் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டாண்ட்பை சுவிட்ச் இருக்கிறதா, பின்பக்கக் கம்பிவலை வழியாகப் பெரிய ட்யூப்கள் ஒளிர்வது தெரிகிறதா என்றும் பாருங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, "உள்ள ட்யூப் இருக்குல்ல சார்?" என்றார் டீலர். அப்புறம் பதிலுக்கு வேறொரு ஹெட்டைக் காட்டினார். அதன் பின்னால் 120 வோல்ட் என்று அச்சாகியிருந்தது. "பிளக் மாத்தினா போதும்" என்றார். இது இன்னும் ஆபத்து. அமெரிக்காவுக்கான அந்த செட்டை நம் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் ஃபியூஸ் போகும். பெரிய ஃபியூஸ் போட்டு ஏமாற்றியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே எரியும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

கடைசியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். இல்லாத ட்யூப்புக்கு வாங்கிய 12,000 வரவே இல்லை. பில் என்னிடம் இருக்கிறது, நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன்.

அதே ஹெட் இப்போது மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது, அதே 'ஃபுல் ட்யூப்' வாசகத்தோடு. கறுப்பு ஹெட், பின்பலகையில் நாங்கள் மாற்றிய புது ஸ்க்ரூக்கள் பளபளக்கும், ஜேசிஎம் ஸ்டிக்கரின் இடது ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கும். யாராவது அதைக் காட்டினால் விலை பேசும் முன் பின்பலகையைக் கழற்றச் சொல்லுங்கள்.