ஆன்டிபாடியா, ஆப்டமரா?

2021இல் சிங்கப்பூரில் வீடு வீடாக வந்த ஏஆர்டி கருவி, அதாவது கோவிட் இருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ளும் கருவி, நினைவிருக்கிறதா? அதில் சிவப்புக் கோடு விழ வைத்தது ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஓர் இலக்கைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதம். ஆப்டமரும் அதே வேலையைச் செய்யும். ஆனால் அது புரதமல்ல, மடிந்து சுருண்ட டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ இழை. ஆன்டிபாடி உருவாக்கப் பெரும்பாலும் ஒரு விலங்கின் உடல் தேவை. ஆப்டமரை, 1990இல் வந்த செலெக்ஸ் முறையில், கோடானுகோடி இழைகளிலிருந்து சோதனைக் குழாயிலேயே சலித்தெடுக்கலாம்.

எனக்கு ஆப்டமர் பிடித்தது சின்ன மூலக்கூறுகளுக்காகத்தான். காப்பிக்கொட்டையிலும் மிளகாய்த்தூளிலும் வரக்கூடிய பூஞ்சை நச்சு ஓக்ராடாக்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அது மிகச் சிறியது. புரதத்தோடு ஒட்டிக் கொடுத்தால்தான் விலங்கின் உடல் அதைக் கண்டுகொள்ளும். ஆப்டமருக்கு அந்தச் சுற்றுவழி வேண்டாம். இலக்கைப் பிடித்ததும் அது உருவம் மாறும். ஒரு முனையைத் தங்க மின்முனையிலும் மறுமுனையில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தையும் கட்டிவிட்டால், அந்த மாற்றம் மின்னோட்டத்தில் தெரியும்.

வெயிலில் கெட்ட ஆன்டிபாடி பொதுவாகத் தேறாது. ஆப்டமரோ சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி மடிந்துகொள்ளும். நம் ஊர் வெக்கைக்குத் தோதுதான்!

சரி, குறை? ரத்தத்திலுள்ள நொதிகள் அதை, குறிப்பாக ஆர்என்ஏ இழையை, நறுக்கிவிடும். உப்பின் அளவு மாறினாலே மடிப்பும் மாறும். அதனால் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், இன்றைக்கும் நான் எடுப்பது அந்தப் பழைய ஏஆர்டி பெட்டியைத்தான்.