எலாஸ்டிக்சர்ச் கிளையன்ட் லைப்ரரிகள்: 6 முதல் 9 வரை பயன்படுத்தியதில் கண்டவை

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் சர்வரும், நம் நிரலிலிருந்து அதை அழைக்கும் லைப்ரரியான கிளையன்ட்டும் ஒரே பதிப்பு எண்ணில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. எது புதியது என்பதுதான் கணக்கு. சர்வர் புதியதாகவும் கிளையன்ட் சற்றுப் பழையதாகவும் இருந்தால் பெரும்பாலும் ஓடும், தலைகீழானால் மாட்டிக்கொள்வோம்.

பைதான் கிளையன்ட் 9-ஐ வைத்து 8 சர்வரை அழைத்துப் பாருங்கள். முதல் அழைப்பிலேயே 400 (தவறான கோரிக்கை) பிழை வரும்: மீடியா டைப் ஹெடர் எக்ஸெப்ஷன், 8 அல்லது 7 எதிர்பார்த்தேன், 9 வந்தது என்று. ஒவ்வொரு கோரிக்கையின் ஹெடரிலும் கிளையன்ட் தன் பதிப்பைச் சொல்லி அனுப்புகிறது. 9 என்றால் என்னவென்று 8 சர்வருக்குத் தெரியாது. ஆனால் 8 கிளையன்ட் கேட்டால் 9 சர்வர் 8-இன் வடிவிலேயே பதில் தரும். இந்த ஏற்பாடு உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் பதிப்புக்கு மேல் வரம்பு போடாமல் விட்டிருந்தால்தான் தொல்லை: அடுத்த பில்டில் புதிய கிளையன்ட் தானாக வந்து உட்கார்ந்துவிடும். 8 சர்வருக்கு "8 முதல், 9-க்குக் கீழ்" என்று பூட்டிவிடுங்கள்.

7.14-இலிருந்து இன்னொரு சோதனையும் உண்டு. எதிரே இருப்பது எலாஸ்டிக்சர்ச்தானா என்று கிளையன்ட் ஒரு ரெஸ்பான்ஸ் ஹெடரைப் பார்க்கிறது. எலாஸ்டிக்சர்ச் 7.10.2-இலிருந்து பிரிந்து தனி மென்பொருளான ஓப்பன்சர்ச்சில் அது இல்லாததால் 'அன்சப்போர்ட்டட் புராடக்ட்' பிழை வரும். கிளையன்ட் 7.13-ஐப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளலாம்தான். ஓப்பன்சர்ச்சின் சொந்த கிளையன்ட்டுக்கு மாறுவதே நல்லது. அசல் எலாஸ்டிக்சர்ச்சிலேயே இந்தப் பிழை வந்தால், நடுவில் உள்ள பிராக்ஸி அந்த ஹெடரை உரித்துவிடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்படிப் பிழை காட்டி நிற்பவற்றைச் சரிசெய்துவிடலாம். சத்தமில்லாமல் தவறான விடை தருபவைதான் ஆபத்து. தேடலுக்குப் பொருந்திய ஆவணங்கள் எத்தனை என்று பதிலில் சொல்லும் 'டோட்டல்' 6 வரை வெறும் எண்ணாக இருந்தது, 7.0-இல் வேல்யூ, ரிலேஷன் என்ற இரண்டு புலங்கள் கொண்ட ஆப்ஜெக்ட் ஆனது. டோட்டல் பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று பார்க்கும் பழைய வரி பைதானில் டைப்எரர் கொடுத்து நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டிலோ அது ஃபால்ஸ் என்று போய்விடும். ஆவணங்கள் வந்திருந்தும் திரையில் "முடிவுகள் இல்லை" என்று காட்டும். லாகில் ஒரு வரிகூட இருக்காது. அதே 7.0-இலிருந்து எண்ணிக்கையும் இயல்பாக 10,000-இல் நின்றுவிடும். துல்லியமான எண் வேண்டுமென்றால் 'டிராக் டோட்டல் ஹிட்ஸ்' ட்ரூ என்று கொடுக்க வேண்டும். பெரிய இண்டெக்ஸில் தேடல் மெதுவாகும், ஆகவே எண் தேவைப்படும் பக்கங்களுக்கு மட்டும் கொடுங்கள்.

சோல்ர் என்ற இன்னொரு தேடல் சர்வரைப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. அதன் ஜாவா கிளையன்ட்டான சோல்ர்ஜே "2 எதிர்பார்த்தேன், 60 வந்தது" என்று சொன்னால் உடனே பதிப்பைச் சந்தேகிக்காதீர்கள். 60 என்பது '<' குறியின் ஆஸ்கி எண். ஜாவாபின் என்ற பைனரி வடிவப் பதில் வர வேண்டிய இடத்தில் ஹெச்டிஎம்எல் பிழைப் பக்கம் வந்திருக்கிறது. யூஆர்எல்லையும் கோர் (சோல்ரில் ஓர் இண்டெக்ஸ்) பெயரையும் சரிபாருங்கள்.

எலாஸ்டிக்சர்ச்சில் 7-இலிருந்து 8-க்குப் போகும்போது முதலில் சர்வரையும் கிளையன்ட்டையும் 7.17-க்குக் கொண்டுவந்து, டெப்ரிகேஷன் எச்சரிக்கைகளை (நீக்கப்படவிருக்கும் அம்சங்கள் பற்றியவை) தீர்த்துவிடுங்கள். பிறகு 'எலாஸ்டிக் கிளையன்ட் ஏபிஐவெர்ஷனிங்' என்ற என்விரான்மென்ட் மாறியை இயக்கி, சர்வரை மட்டும் 8 ஆக்குங்கள். கிளையன்ட்டைக் கடைசியில் மாற்றுங்கள். பைதான் கிளையன்ட் 8-இல் ஹோஸ்ட் பெயர் மட்டும் கொடுத்தால் ஏற்காது. ஸ்கீமும் (http அல்லது https) போர்ட்டும் சேர்த்து முழு யூஆர்எல் கொடுக்க வேண்டும்.