காகிதம் இல்லாத 1932 ஃபோர்டு: டைட்டில் வாங்க எந்த வழி நல்லது?

சேஸிஸ் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்தது. பாடி வேறொருவரிடம் வாங்கியது. கியர்பாக்ஸ் 1939 ஃபோர்டிலிருந்து கழற்றியது, எஞ்சின் செவ்ரோலே வி8. அமெரிக்காவில் வீட்டுக் கராஜில் கட்டப்படும் ஹாட் ராட்கள் (பழைய காரை வலுவான எஞ்சின் போட்டு மாற்றியமைத்த வண்டிகள்) பலவற்றின் பிறப்பு இப்படித்தான். எல்லாம் பொருத்தி முடித்து, பதிவு அலுவலகத்துக்குப் போனால் முதல் கேள்வியே ‘டைட்டில் எங்கே?’ என்பதுதான். நம் ஊரில் ஆர்.சி. புத்தகம் ஒன்றே இரண்டு வேலையையும் பார்த்துவிடுகிறது. அங்கே வண்டி யாருடையது என்பதற்கு டைட்டில் தனி, சாலையில் ஓட்டுவதற்கான பதிவு தனி. பழைய டைட்டில் கையில் இல்லாதவருக்குச் சில வழிகள் இருக்கின்றன. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதால், ஒருவருக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கும் என்று சொல்ல முடியாது.

என் கட்சி எது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டைட்டிலில் ‘1932’ என்று அச்சாகியிருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் வண்டி உண்மையில் எதுவோ அதைச் சொல்லும் காகிதமே நல்ல காகிதம். வழிகளை அந்த அளவுகோலில்தான் நிறுத்துப் பார்க்கிறேன்.

வழிக்கு முன் எண்

எந்த வழியில் போவது என்பதை முடிவு செய்வது உங்கள் விருப்பம் அல்ல, சேஸிஸில் உள்ள எண். இன்றைய 17 இலக்க வண்டி எண் 1981 மாடல் ஆண்டிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு முறை. போதாக்குறைக்கு, 1950-கள் வரை பல மாநிலங்கள் எஞ்சின் எண்ணை வைத்தே டைட்டில் கொடுத்தன. 1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ ஃபோர்டில் அந்த எண் எஞ்சின் பிளாக்கின் இடது பக்கத்தில் இருக்கும். எஞ்சினை மாற்றிய அன்றே காகிதத்துக்கும் வண்டிக்கும் உள்ள உறவு அறுந்துவிடும். 1932-இல் வந்த ஃபிளாட்ஹெட் வி8 வண்டிகளில் எண் இருந்தது கியர்பாக்ஸோடு சேர்ந்த கிளட்ச் ஹவுசிங்கின் மேற்புறத்தில். 1939 கியர்பாக்ஸைப் போடுவது ஹாட் ராட்காரர்களின் பழைய வழக்கம். கழற்றிய பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது எண்ணும் சேர்ந்தே போய்விடும்.

நல்லவேளையாக ஃபோர்டு அதே எண்ணைச் சேஸிஸிலும் அடித்து வைத்தது. இந்த வி8 வண்டிகளில் இடது பக்கச் சட்டத்தின் மேற்பரப்பில் மூன்று இடங்களில் தேட வேண்டும். ஒன்று முன்பக்கம் ஸ்டியரிங் பெட்டியை ஒட்டி, ஒன்று நடுவில், ஒன்று பின்பக்கம். பின்னிரண்டும் பாடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். 18 என்று தொடங்கி ஒரு சிறு கோடு, பிறகு இலக்கங்கள், இரு முனைகளிலும் ஆளுக்கொரு நட்சத்திரம். இதைத் தேடுவதற்கு கிரைண்டரைத் தொடவே கூடாது. பெயின்ட் நீக்கும் திரவத்தைத் தடவி, ஊறவிட்டு, துணியால் துடைத்து, வெள்ளைச் சாக்குக்கட்டியைப் படுக்கையாகத் தேய்த்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு நண்பரின் கராஜில் இதை அருகிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் தெரிந்தது நட்சத்திரத்தின் ஒரு முனை மட்டும். துருக்குழிகளுக்கு நடுவே 8 எது, 3 எது என்று வெகுநேரம் வாதாடினோம். முன்பக்க எண் பாதி அரித்துப் போயிருந்தது. பாடியைத் தூக்கிப் பார்த்தபோது நடு எண் தெளிவாக இருந்தது.

எண் கிடைத்ததும் அது திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று காவல்துறை மூலம் விசாரியுங்கள். இணையத்தில் கிடைக்கும் தரவுத்தளங்களில் இந்தக் காலத்து எண்கள் பெரும்பாலும் இருக்காது. அங்கே எதுவும் வரவில்லை என்பதால் வண்டி சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள்.

எண் இருக்கிறது, காகிதம் இல்லை: பிணையா, நீதிமன்றமா?

சேஸிஸ் எண் படிக்கக்கூடியதாக இருந்து, விற்றவர் எழுதிக்கொடுத்த ரசீது மட்டும் கையில் இருந்தால், பிணைப் பத்திரத்தின் பேரில் தரும் டைட்டில்தான் முதல் தேர்வு. டெக்சாஸை எடுத்துக்கொள்வோம். வண்டியின் மதிப்பைப் போல் ஒன்றரை மடங்குக்குப் பிணை வாங்க வேண்டும். 20,000 டாலர் வண்டி என்றால் 30,000 டாலருக்குப் பத்திரம். முழுத்தொகையையும் நீங்கள் கட்டப்போவதில்லை. அதில் சிறு பங்கைப் பிணை நிறுவனம் கட்டணமாக வாங்கிக்கொள்ளும். மூன்று ஆண்டுகளுக்கு உரிமை கோரி யாரும் வராவிட்டால் பிணையின் வேலை முடிந்தது.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. இது காப்பீடு அல்ல. உண்மையான உரிமையாளர் வந்து நிரூபித்தால் பிணை நிறுவனம் அவருக்குப் பணம் கொடுக்கும். பிறகு அந்தப் பணத்தை உங்களிடமே வசூலிக்கும். அதனால் ஒரு வண்டியின் பூர்வீகத்தில் உங்களுக்கே சந்தேகம் இருந்தால் இந்த வழியில் இறங்காதீர்கள். பூர்வீகம் சுத்தம், காகிதம் மட்டும் தொலைந்தது என்றால் இதைவிட நேர்மையான வழி இல்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் இன்னொரு வசதியும் உண்டு. உரிமை சந்தேகத்துக்குரியது என்று குறித்துக்கொண்டு, டைட்டில் தராமல் பதிவை மட்டும் தருவார்கள். மூன்று ஆண்டு கழிந்தபின் டைட்டிலுக்கு விண்ணப்பிக்கலாம். பணம் மிச்சம். ஆனால் அந்த மூன்று ஆண்டும் வண்டியை விற்பது பெரும்பாடு.

விற்றவர் இறந்துவிட்டது, வாரிசுகளுக்குள் தகராறு போன்ற சிக்கல்களுக்குத்தான் நீதிமன்ற உத்தரவு வாங்குவது பொருந்தும். நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவைப் பதிவு அலுவலகம் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது என்பது அதன் பலம். வக்கீல் செலவு அதன் பலவீனம். சாதாரண வழக்குக்கு இது தேவையில்லை.

வெர்மான்ட் குறுக்குவழி

இதைப் பற்றி இன்னும் ஆலோசனை சொல்பவர்கள் இருப்பதால் எழுதுகிறேன். வெர்மான்ட் மாநிலம் 15 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு டைட்டில் கேட்பதில்லை, பதிவுச் சீட்டே போதும். வேறு மாநிலத்தவரும் தபாலில் பதிவு செய்து, அந்தச் சீட்டைக் காட்டித் தங்கள் ஊரில் டைட்டில் வாங்கிவந்தார்கள். 2023-இல் வெர்மான்ட் வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இனி அந்தக் கணக்கைப் போட்டு வண்டி வாங்காதீர்கள்.

எண்ணே இல்லை: கலிஃபோர்னியாவின் 500

புதிதாகச் செய்த சேஸிஸ், ஒஹையோவில் பிரெஸ் செய்யப்படும் புது இரும்பு பாடி, கடையில் வாங்கிய எஞ்சின் என்று கட்டினால் 1932-இல் பிறந்த ஒரு போல்ட்கூட அதில் இருக்காது. சில வேளை பழைய சேஸிஸே துண்டு துண்டாக வெட்டி ஒட்டப்பட்டு எண் அழிந்திருக்கும். இவற்றுக்குப் பிணை வழி பயன்படாது, பிணை கொடுக்க ஓர் எண் வேண்டுமே. மாநிலமே புது எண் கொடுத்து, தனியாகக் கட்டப்பட்ட வண்டி என்று பதிவு செய்வதுதான் வழி.

கலிஃபோர்னியாவில் 2001-இல் நிறைவேறிய எஸ்.பி. 100 சட்டம் இதற்கு நல்ல ஏற்பாடு ஒன்றைச் செய்திருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் முதலில் விண்ணப்பிக்கும் 500 வண்டிகளுக்கு வரிசை எண் சான்றிதழ் கிடைக்கும். அது கிடைத்தால் புகைச் சோதனைக்கு எந்த ஆண்டின் விதி பொருந்தும் என்பதைப் பாடி எந்த ஆண்டு வண்டியைப் போல் இருக்கிறது என்பதை வைத்தோ, எஞ்சினின் ஆண்டை வைத்தோ தீர்மானிப்பார்கள். எதைப் போலவும் இல்லாத வண்டி 1960 என்று கொள்ளப்படும். 1975-ஆம் ஆண்டு வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு அந்த மாநிலத்தில் புகைச் சோதனையே கிடையாது. ஆக 1932 ஃபோர்டைப் போன்ற பாடி என்றால் அந்தத் தலைவலி தீர்ந்தது. 500-ஐத் தவறவிட்டால் அடுத்த ஜனவரிதான். அதனால் ஆண்டின் முதல் வேலைநாளில் அலுவலக வாசலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

நடைமுறையில் அலைச்சல் உண்டு. பதிவு அலுவலகத்தில் விண்ணப்பமும் கட்டணமும், ‘ரெஃபரி’ எனப்படும் புகைச் சோதனை நடுவரிடம் பரிசோதனை, நெடுஞ்சாலைக் காவல்துறையிடம் பாகங்களின் ரசீதுகளைக் காட்டிப் புது எண் தகடு, மறுபடி பதிவு அலுவலகம். வண்டியின் முழு மதிப்பையும் சொல்லி வரி கட்ட வேண்டும். இந்த வரிதான் பலரைத் தவறான பக்கம் இழுக்கிறது. 2005-இல் கலிஃபோர்னியாவில் புகழ்பெற்ற ஹாட் ராட் கட்டுநர் ஒருவர், புதிதாகக் கட்டிய வண்டிகளைப் பழைய வண்டிகள் என்று பதிவு செய்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

வேறு பல மாநிலங்களில் ‘ஸ்ட்ரீட் ராட்’ என்று தனி வகையே இருக்கிறது. 1948 வரையிலான வண்டியோ அதைப் போன்ற தோற்றமுள்ள வண்டியோ அதில் அடங்கும். அதற்குப் பிந்தைய, குறைந்தது 25 ஆண்டு பழைய மாடல்கள் ‘கஸ்டம்’ வகைக்குப் போகும். தோற்றத்துக்குரிய ஆண்டு டைட்டிலிலேயே வரும். தினமும் வேலைக்கு ஓட்டிப் போகக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் இருக்கும். உங்கள் மாநிலத்தில் இது இருந்தால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டும் கிடைக்கிறது, பொய்யும் இல்லை.

எடுக்கவே கூடாத வழி

பழைய டைட்டிலை மட்டும் தனியே விலைக்கு வாங்கி, அதிலுள்ள எண்ணைத் தன் சேஸிஸில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். மலிவானது, வேகமானது, ‘1932’ என்று பெருமையாக அச்சாகியிருக்கும். இது குற்றம். வண்டி எண்ணை மாற்றுவதற்கு மத்திய சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. மாட்டினால் வண்டி பறிபோகும். உங்களிடம் நம்பி வாங்கியவரின் வண்டியும் ஒருநாள் பறிபோகும் என்பதுதான் என்னால் பொறுக்கவே முடியாதது.

எந்தத் தவறும் செய்யாதவரே படும் பாட்டைக் கான்சஸ் மாநில வழக்கு ஒன்று காட்டியது. 1959 கார்வெட் ஒன்றைப் புதுப்பித்தபோது எண் தகட்டைக் கழற்றி மறுபடி பொருத்தியிருந்தார்கள். அது வாங்கியவருக்குத் தெரியாது. சோதனையில் கண்டுபிடித்து வண்டியைப் பறிமுதல் செய்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2022-இல் அந்த மாநிலம் சட்டத்தையே திருத்தி, பழைய வண்டியைப் புதுப்பிக்கும்போது தகட்டைக் கழற்றிப் பொருத்த அனுமதித்தது. எல்லா மாநிலத்திலும் இந்தத் திருத்தம் இருப்பதாக எண்ணித் தகட்டைத் தொடாதீர்கள். துருவை நீக்கும் மணல் வீச்சுக்குச் சேஸிஸை அனுப்பும் முன் எண் இருக்கும் இடத்தை டேப்பால் மூடி, கடைக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஆக, எண் தெளிவு, பூர்வீகம் சுத்தம் என்றால் பிணை. எண் இல்லை, அல்லது வண்டியில் பழையது எதுவும் மிச்சமில்லை என்றால் மாநிலம் தரும் புது எண், ஸ்ட்ரீட் ராட் வகை இருந்தால் அதன் கீழ். சேஸிஸ், பாடி, எஞ்சின், கியர்பாக்ஸ் நான்குக்கும் விற்றவரின் கையெழுத்துள்ள ரசீதை வாங்கும் அன்றே கேட்டு வாங்குங்கள். புதிதாகச் செய்த பாடி என்றால் தயாரித்தவர் தரும் பிறப்புச் சான்றையும் சேர்த்து வையுங்கள். வெல்டிங் தொடங்கும் முன் சேஸிஸை நான்கு பக்கமும் தேதியுடன் படம் எடுங்கள். எந்த மாநிலத்தில் எந்த வழியில் போனாலும், பரிசோதனைக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது இவற்றைத்தான்.