ரெமிங்டன் 700க்கு மாற்று ட்ரிகர்: டிம்னியா, ட்ரிகர்டெக்கா, ஜூவலா?

பென்சில்வேனியாவில் தேங்க்ஸ்கிவிங் முடிந்து வரும் சனிக்கிழமை ரைஃபிளோடு மான் வேட்டைக்குப் போகலாம். அதற்கு இரண்டு மாதம் முன்பு, கைமாறிக் கைமாறி என்னிடம் வந்த பழைய ரெமிங்டன் 700 ரைஃபிளிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, ட்ரிகரில் மீன் நிறுக்கும் தராசின் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்த்தேன். மூன்று முறை இழுத்ததில் மூன்று கணக்கு: ஐந்து பவுண்டு, நாலே கால், அப்புறம் ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. ரைஃபிளே தொலைநோக்கியோடு சேர்த்து எட்டு பவுண்டுதான். எட்டு பவுண்டுப் பொருளை ஆடாமல் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் ஐந்து பவுண்டை இழுத்தால் குறி எங்கே நிற்கும்? எனக்கு முன்னால் யாரோ தாராளமாக ஊற்றிய எண்ணெய் உள்ளே பிசினாகிக் கிடந்ததும் ஒரு காரணம். சரி, மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன். எதைப் போடுவது என்பதில்தான் இரண்டு வாரம் போயிற்று.

கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை பவுண்டு வேண்டும்?" என்றுதான். வேட்டைக்கு அது இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு முறையும் ஒரே எடையில், ஒரே இடத்தில் விடுபடுகிறதா, கையுறையும் குளிரும் தூசியும் சேர்ந்தாலும் அப்படியே இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் இரண்டரையிலிருந்து மூன்று பவுண்டு, அதாவது சுமார் 1.1 முதல் 1.4 கிலோ, போதும். அதற்குக் கீழே போனால் விறைத்த விரலுக்கு ட்ரிகர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

பழையதையே கழுவித் திருகி வைத்துக்கொண்டால் என்ன என்றும் யோசித்தேன். 700 வெளிவந்தது 1962இல். அதன் ட்ரிகர் அதற்கும் மூத்தது. மைக் வாக்கர் வடிவமைத்து 1948இல் 721, 722 ரைஃபிள்களோடு வந்தது. நல்ல நிலையில் இருக்கும்போது காய்ந்த சுள்ளி ஒடிவது போல 'டக்'கென்று விடும். இன்றைக்கும் அதற்கு ரசிகர்கள் உண்டு.

சிக்கல் உள்ளே இருக்கிறது. சுடும் ஊசியைப் பின்னுக்கு இழுத்தபடி பிடித்திருக்கும் எஃகுத் துண்டுக்கு சியர் என்று பெயர். அந்த சியருக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிற்பதுதான் ட்ரிகரின் வேலை. முட்டுக் கொடுக்கும் இந்தப் பகுதியை வாக்கர் ட்ரிகரோடு ஒட்டாத தனித் தகடாக வைத்தார், அதுதான் கனெக்டர். ஒரு ஸ்பிரிங் அதை ட்ரிகரோடு அணைத்து வைத்திருக்கும். சுடும்போது ஏற்படும் உதறலில் அது கண நேரம் விலகித் திரும்பும். அந்த இடுக்கில் தூசியோ துருவோ காய்ந்த எண்ணெயோ சிக்கினால் கனெக்டர் முழுதாகத் தன் இடத்துக்கு வராது. சியர் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். சேஃப்டியை (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) விடுவித்ததும் விரல் படாமலே வெடித்தது என்ற புகார்கள் சுற்றி வந்தது இந்த இடுக்கைத்தான். பல பத்தாண்டு வழக்குகளுக்குப் பிறகு இலவசமாக ட்ரிகர் மாற்றித் தரும் சமரசம் வந்தது. குறை இருப்பதாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இலவச வாய்ப்பும் 2020இல் முடிந்துவிட்டது.

வாக்கர் ட்ரிகருக்கு அடுத்து ரெமிங்டன் கொண்டுவந்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகரில் கனெக்டர் கிடையாது. ஆனால் 2006 மே முதல் 2014 ஏப்ரல் தொடக்கம் வரை அந்த ட்ரிகரோடு செய்த ரைஃபிள்களையும் நிறுவனமே திரும்ப அழைத்தது. உள்ளே பூசிய பசை கூடிப்போனது காரணம் என்றது. உங்களிடம் அந்தக் காலத்து ரைஃபிள் இருந்தால், வேறு எதையும் யோசிப்பதற்கு முன் அது சரிசெய்யப்பட்டதா என்று பாருங்கள்.

என்னுடையது 1982க்கு முந்தையது. அந்த வரிசையில் சேஃப்டி போட்டிருந்தால் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும், கைப்பிடியுள்ள தண்டு) திறக்காது. தோட்டாவை வெளியே எடுக்கவே சேஃப்டியை விடுவிக்க வேண்டும். இருட்டில், மரத்தடியில், குளிரில் மரத்த கையோடு அதைச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. பழையதைத் திருகிப் பார்க்கும் எண்ணம் அதோடு போயிற்று.

இனி மாற்றுகள். ஜூவலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டெக்சஸ் சரக்கு, மேசையில் ரைஃபிளைச் சாய்த்து ஒரே துளையில் ஐந்து தோட்டாவை அடுக்கும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களின் செல்லப்பிள்ளை. ஒன்றரை அவுன்ஸ் வரை இறங்கும். ஒரு எலுமிச்சம்பழத்தின் எடை! மூன்று பவுண்டு வரை ஏற்றவும் செய்யலாம். ஆனால் அந்த மென்மை வருவது ஒன்றின்மேல் ஒன்று தாங்கும் சின்னச் சின்ன நெம்புகோல்களிலிருந்து. ஒரு மணல் துகள் போதும், விளையாட்டுக் காட்டும். லைட்டர் திரவத்தை ஊற்றி அடிக்கடி கழுவுவது அதன் சொந்தக்காரர்களுக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது. நாள் முழுக்கக் காய்ந்த சருகிலும் சேற்றிலும் புரளும் ரைஃபிளுக்கு இது எதற்கு? விலையும் 200 டாலரைத் தாண்டும்.

உண்மையான போட்டி டிம்னிக்கும் ட்ரிகர்டெக்குக்கும்தான். இரண்டின் அடிப்படை மாடலும் ஏறக்குறைய 150 டாலர். இரண்டையும் ஒன்றரையிலிருந்து நாலு பவுண்டு வரை வைத்துக்கொள்ளலாம். விலையிலும் எடையிலும் வித்தியாசம் இல்லை என்றால் பொறியமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

டிம்னி 1946 முதல் ட்ரிகர் செய்கிறது; இப்போது இருப்பது அரிசோனாவில். வழக்கமான அமைப்பு: ட்ரிகரின் விளிம்பில் சியர் உட்கார்ந்திருக்கும், இழுத்தால் வழுக்கி விழும். நடுவே தனித் தகடு எதுவும் இல்லை. நன்றாகத் தீட்டிய எஃகு என்பதால் அந்த வழுக்கல் விரலுக்குத் தெரியாது. எடைக்கு ஒரு திருகு, விடுபட்ட பின் ட்ரிகர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒன்று, சியர் எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்பதற்கு ஒன்று. இந்த மூன்றாவது திருகில்தான் எனக்குத் தயக்கம். தொழிற்சாலையில் அமைத்து முத்திரையிட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் பழைய ரைஃபிள் வாங்கும்போது முந்தைய சொந்தக்காரர் அதைத் தொட்டாரா என்று யாருக்குத் தெரியும்? அரைத் திருப்பு கூடிவிட்டால் போல்ட்டை வேகமாக மூடும்போதே சியர் நழுவலாம்.

ட்ரிகர்டெக் கனடாவைச் சேர்ந்தது. ட்ரிகருக்கும் சியருக்கும் நடுவே ஒரு குட்டி உருளை வைத்திருக்கிறார்கள். உரசி வழுக்குவதற்குப் பதில் உருண்டு விடுபடுகிறது. அதனால் இழுக்கும்போது 'ஊர்ந்து' வரும் உணர்வே இல்லை. சும்மா இருந்த ட்ரிகர் திடீரென்று விட்டுவிடும். வெளியிலிருந்து மாற்றக்கூடியது எடை மட்டும். ஒரு சின்ன ஆலன் சாவி போதும், கட்டையிலிருந்து ரைஃபிளைக் கழற்றக்கூட வேண்டாம், திருப்பும்போது 'க்ளிக் க்ளிக்' என்று பிடித்து நிற்கும். ஆழத்தை மாற்றும் திருகு வெளியே இல்லை. சிலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். வீட்டு மேசையில் உட்கார்ந்து நோண்டும் ஆசை எனக்கு உண்டு என்பதால் எனக்கு அது நிறை!

டிம்னியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தண்ணீர் புகுந்து உறைந்தால் எந்த ட்ரிகரும் நின்றுவிடும், உருளை இருந்தாலும் சரி. டிம்னி எளிமையானது, பார்த்தாலே எது எதைப் பிடித்திருக்கிறது என்று புரியும், கழுவி உலர்த்தலாம். மூன்று பவுண்டில் வைத்த டிம்னி யாரையும் ஏமாற்றாது. அலாஸ்காவிலோ மொன்டானாவிலோ, கடை கண்ணி இல்லாத இடத்தில் பத்து நாள் தங்குபவர் அதை எடுத்தால் நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன். எதை வாங்கினாலும் உள்ளே எண்ணெய் மட்டும் விடாதீர்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே அது மெழுகாகிவிடும்.

இதெல்லாம் 700க்கும், அதே ட்ரிகர் பொருந்தும் பெர்காரா பி-14 போன்ற ரைஃபிள்களுக்கும். டிக்கா ரைஃபிள் வைத்திருப்பவர்கள் பணத்தைத் தோட்டாவில் போடலாம். அதன் சொந்த ட்ரிகரே இரண்டிலிருந்து நாலு பவுண்டு வரை இறங்கி ஏறும். சாவேஜின் அக்யூட்ரிகரும் வீட்டிலேயே சரிசெய்யக்கூடியதுதான்.

நான் ட்ரிகர்டெக் வாங்கினேன். மாட்டுவது பெரிய வேலையில்லை, இரண்டு பின்களைத் தட்டி எடுக்க வேண்டும். போல்ட்டை நிறுத்தும் துண்டும் அதன் ஸ்பிரிங்கும் அதே பின்னில் தொங்குவதால் அது தெறித்து சோபாவுக்கு அடியில் போகும், எனக்குப் போயிற்று. பொருத்திய பின், தோட்டா இல்லாமல், போல்ட்டை ஓங்கி இருபது முறை மூடிப் பார்த்தேன். சேஃப்டி போட்டு ட்ரிகரை அழுத்தி, விரலை எடுத்து, சேஃப்டியை விடுவித்தேன், ஊசி விழவில்லை. கட்டையின் அடிப்பக்கத்தை ரப்பர் விரிப்பில் குத்தினேன்; அப்போதும் விழவில்லை. இதில் ஏதாவது ஒன்றில் விழுந்தால் அந்த ரைஃபிளில் தோட்டாவே போடக் கூடாது, நேராகத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.

அப்புறம் அதே மீன் தராசு. பத்து முறை இழுத்தேன். பத்தும் இரண்டே முக்காலில் நின்றது.