50 என்று போட்டால் 49 தரும் மென்பொருள்

லேசர் கட்டிங்குக்கு இந்த வெக்டர் மென்பொருளை (கோடுகளாலும் வளைவுகளாலும் வரைவது) எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வருடக்கணக்காக இதில்தான் வேலை செய்கிறேன். மற்ற வசதிகளை விடுங்கள். அகலம், உயரம் என்று மேலே இருக்கும் அந்த இரண்டு பெட்டிகளைப் பற்றித்தான் எனக்குப் புலம்ப வேண்டும்.

50 மி.மீ. சதுரம், அதற்கு 1 மி.மீ. ஸ்ட்ரோக், அதாவது ஓரக்கோட்டின் தடிமன். பெட்டியில் 51 என்று காட்டும். பாதை என்பது வடிவத்தின் தடிமனில்லாத எல்லைக்கோடு; ஸ்ட்ரோக் அதன் இரு பக்கமும் பாதிப் பாதி பரவுகிறது, அதையும் சேர்த்து அளக்கிறதாம். சரி, 50 என்று திருத்தி என்டர் தட்டினால் பெட்டி 50 காட்டும், உள்ளே பாதை 49-க்குச் சுருங்கியிருக்கும். லேசர் போவது பாதை வழியே. ஸ்ட்ரோக் எவ்வளவு தடிமன் என்று அது பார்ப்பதே இல்லை. ஸ்ட்ரோக்கும் சேர்ந்து சுருங்கும் பொத்தான் ஆனில் இருந்தாலோ, பாதை 49.02, ஸ்ட்ரோக் 0.98. யாருக்கு வேண்டும் இந்த அளவு? நட்சத்திரம் வரைந்தால் இன்னும் மோசம். கூர்முனைகளில் ஸ்ட்ரோக் நீண்டுபோவதால், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று மனக்கணக்குகூடப் போட முடியாது.

ஸ்ட்ரோக்கை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் அளக்கும்படி அமைப்புகளில் மாற்றலாம், உண்மைதான். அடோபியின் இல்லஸ்ட்ரேட்டரிலும் 'யூஸ் பிரிவியூ பவுண்ட்ஸ்' என்ற தேர்வை அணைத்தால் அப்படித்தான் அளக்கும். ஆனால் இப்போது எந்த அளவைக் காட்டுகிறோம் என்று அந்தப் பெட்டி பக்கத்திலேயே சொல்ல வேண்டாமா?

அப்புறம் பிக்சல் விவகாரம். இதில் முழுப் பழியையும் இதன்மேல் போட முடியாது. எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பு வகையில் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல். மி.மீ. குறிப்பில்லாத கோப்பை 72 என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் திறந்தால் 100 மி.மீ. துண்டு 133.33 ஆகிவிடும். இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு வெக்டர் மென்பொருள் 2017-இல் வந்த 0.92 பதிப்பில் 90-ஐ விட்டு 96-க்கு மாறியது. ஆனால் பழைய கோப்பைத் திறக்கும்போது என்ன செய்யட்டும் என்று கேட்கவாவது செய்தது. இது கேட்காது.

இத்தனைக்கும் நோடுகளை, அதாவது பாதையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளிகளை, திருத்துவதில் இதற்கு ஈடாக எதையும் நான் பார்த்ததில்லை. வளைவை இழுத்தால் நினைத்த இடத்தில் போய் நிற்கும். இரண்டு வடிவங்களை ஒட்டினாலும் வெட்டினாலும் ஒரு நோடு மிச்சம் கிடக்காது. லோகோ வேலைக்கு இதைவிட்டு வேறெங்கும் போக மாட்டேன்.

ஆனால் நண்பர் கேட்டது லேசர் கட்டிங்குக்கு. எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.