குழாய்த் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டும் வித்தை: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருப்பவர்கள் கவனிக்கவும்

"தண்ணீரைச் சோதிக்கிறோம், இலவசம்தான்" என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு யாராவது வாசலில் நின்றால், கதவைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் ஈசூனில் என் அம்மா தலையில் 2,880 வெள்ளிக்கு ஒரு தண்ணீர் இயந்திரத்தைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். விவகாரம் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரை இப்போது எழுதவில்லை.

வந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் தமிழர். "பொதுப் பயனீட்டுக் கழகத்தோட சேர்ந்துதான் பண்றோம்மா" என்று தொடங்கியிருக்கிறார். குழாய்த் தண்ணீர் தரும் அரசு அமைப்பான அந்தக் கழகம் எந்த வீட்டுக்கும் வடிகட்டி விற்பதில்லை, விற்க ஆளும் அனுப்புவதில்லை. ஆனால் நம்ம பையன், மரியாதையாகப் பேசுகிறான் என்று அம்மா உள்ளே விட்டுவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் வித்தை. இரண்டு கண்ணாடிக் குவளை. ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர்கள் போத்தலில் கொண்டுவந்த 'சுத்தமான' தண்ணீர். நான்கு கம்பி நீட்டிய ஒரு சின்னக் கருவியை மேலே வைத்து மின்சாரத்தில் செருகுகிறார்கள். குழாய்த் தண்ணீர் முதலில் மஞ்சளாகிறது, பிறகு பழுப்பு, கடைசியில் ரசத்து வண்டல் போல மேலும் கீழும் கசடு. பக்கத்துக் குவளையில் ஒன்றும் இல்லை. "இதையாம்மா பேரப்பிள்ளைங்களுக்குக் குடுக்குறீங்க?" என்று கேட்டால் எந்தப் பாட்டிதான் தாங்குவார்?

அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பிகளில் பாதி இரும்பு, பாதி அலுமினியம். மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கரைந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து, இரும்பு ஹைட்ராக்சைடாக, அதாவது துருவாக மிதக்கிறது. குழாய்த் தண்ணீரில் இயல்பாகவே கொஞ்சம் தாது உப்பு இருப்பதால் மின்சாரம் பாயும். சவ்வூடு வடிகட்டிய ஆர்ஓ தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, மின்சாரம் பாயாது, அதனால் கம்பியும் கரையாது. வேடிக்கை என்னவென்றால் இது உண்மையான சுத்திகரிப்பு முறைதான். தொழிற்சாலைக் கழிவுநீரில் மின்சாரத்தால் இரும்பையோ அலுமினியத்தையோ கரைய விட்டு, அந்தக் கசட்டில் அழுக்கு ஒட்டித் திரண்டதும் பிரித்தெடுப்பார்கள். அங்கே அழுக்கைப் பிடிக்கப் போடும் மருந்தையே இங்கே அழுக்கு என்று காட்டுகிறார்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதியியல் படிக்கும் என் அக்கா மகன் இதை அம்மாவுக்குச் சமையலறையிலேயே காட்டினான். 9 வோல்ட் பேட்டரி, துத்தநாகப் பூச்சு இல்லாத இரண்டு இரும்பு ஆணி. குழாய்த் தண்ணீரில் ஓர் ஆணியைச் சுற்றிப் பச்சையும் பழுப்புமாகப் படலம் வந்தது. புது இயந்திரத்துத் தண்ணீரில் ஒன்றும் வரவில்லை. அதில் ஒரு சிட்டிகை உப்பு போட்டான், அதுவும் பழுப்பாகிவிட்டது. கடைசியாக ஆணிகளை எடுத்துவிட்டு, இரு முனையும் சீவிய, இரும்பே இல்லாத பென்சில்களைக் குழாய்த் தண்ணீரில் வைத்தான். குமிழி மட்டும்தான், நிறமே இல்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தத் தமிழ்ப் பையனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. (செய்து பார்ப்பவர்கள் சுவர் மின்சாரத்தைத் தொடாதீர்கள், அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம்.)

டிடிஎஸ் மீட்டர் என்று பேனா மாதிரி ஒன்றையும் நீட்டி எண் காட்டுவார்கள். அது கரைந்த உப்பின் அளவைக் காட்டும், அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இயந்திரத்தின் கதை இன்னும் மோசம். ஆர்ஓ வடிகட்டிக்குப் பிறகு 'மின்னாற்பகுப்புக் கிருமிநீக்கி' ஒன்று உண்டு, அது தண்ணீரில் உள்ள உப்பிலிருந்தே குளோரின் தயாரித்துக் கிருமியைக் கொல்லும் என்று அவர்கள் விளக்கத்தாளே சொல்கிறது. உப்பு நீரில் மின்சாரம் செலுத்திக் குளோரின் எடுப்பது உண்மைதான், நீச்சல் குளங்களில் செய்கிறார்கள். ஆனால் உப்பையெல்லாம் வடிகட்டிவிட்ட தண்ணீரில் குளோரின் எங்கிருந்து வரும்? இங்கே குழாய்த் தண்ணீர் குளோரமின் கலந்து வருகிறது, வழியில் கிருமி வளராமல் காப்பதே அதுதான். இயந்திரத்தின் கரி வடிகட்டி அதையும் எடுத்துவிட்டு, தண்ணீரைத் தொட்டியில் தேக்கி வைக்கிறது. நேரே குழாயில் பிடித்துக் குடிக்கக்கூடிய தண்ணீருக்கு இந்தப் பாடு.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒப்பந்தம். நாம் கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து விற்றால், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக 5 நாளுக்குள் ரத்து செய்ய இங்கே சட்டம் இடம் தருகிறது. அந்த உரிமையைச் சொல்லும் அறிவிப்பையும் விற்பவர்தான் தரவேண்டும். அம்மாவிடம் தரவில்லை. அதோடு, இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'வாடிக்கையாளரின் அழைப்பின் பேரில் வருகை தந்தோம்.' அதன் கீழே தனியாக ஒரு கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

கெடு முடியும் முன்பே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ரத்துக் கடிதம் அனுப்பினேன். "பொருத்தியாகிவிட்டது, வடிகட்டியைப் பிரித்தாகிவிட்டது, முடியாது" என்று பதில். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்த பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. இப்போது 900 வெள்ளியைப் பொருத்துக் கூலியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்களாம். ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்தது ஸ்மால் கிளெய்ம்ஸ், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான, நடுவர் மன்றம்தான். 20,000 வெள்ளி வரை அங்கே போகலாம், வழக்கறிஞர் வைக்கவும் தேவையில்லை, வைக்க விடவும் மாட்டார்கள்.

அம்மா யாரையும் அழைக்கவில்லை என்பதைக் காட்ட அவர் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலை எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே நான்கு கம்பிக் கருவியோடு வந்து விற்றிருந்தால், ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைப் படமெடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அதே வரி மற்றவர்கள் தாளிலும் இருந்தால் மன்றத்தில் சேர்த்துக் கொடுக்கப் போகிறேன்.