“ஒல்லாந்தர் காலத்து நீலக்கல் மோதிரம்” என்று யாராவது நீட்டினால்

“பாட்டன் சொத்து, ஒல்லாந்தர் காலத்து மோதிரம், கல் அசல் இலங்கை நீலம்.” மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இப்படிச் சொல்லிப் பழைய மோதிரம் விற்க வருபவர்களிடம் கவனமாக இருங்கள். அண்மையில் அப்படி விலைபோன ஒரு மோதிரம் விரலுக்கு இறுக்கமாக இருந்ததால், பெருப்பிக்கப் பத்தரிடம் போனது. சூடு பட்டதும் கல்லின் குறுக்கே வெடிப்பு விழுந்தது. கழற்றிப் பார்த்தால் மேலே கார்னெட் என்ற மலிவான சிவப்புக் கல்லின் மெல்லிய தகடு, அதன் கீழே ஒட்டியது முழுக்க நீலக் கண்ணாடி. விற்றவரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. ஏச்சு வாங்கியது ஒரு பிழையும் செய்யாத பத்தர்.

இந்த ஒட்டுக்கல் 19ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது. ஆகவே மோதிரம் உண்மையிலேயே பழசாக இருந்து, கல் போலியாக இருக்கலாம். செயற்கைக் கல்லும் நேற்று வந்ததல்ல. பிரெஞ்சு இரசாயனவியலாளர் வெர்னுயி, தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் அறிவித்தார். சில ஆண்டுகளில் நீலமும் வந்துவிட்டது. அம்மம்மாவின் அம்மா போட்ட மோதிரம் என்பது கல்லுக்குச் சாட்சி ஆகாது.

விற்பவர் கல்லால் கண்ணாடியைக் கீறிக் காட்டுவார். அதில் மயங்க வேண்டாம். கார்னெட்டும் கீறும், செயற்கை நீலமும் கீறும். செயற்கை நீலத்துக்கும் இயற்கை நீலத்துக்கும் கடினம் ஒன்றுதான், மோஸ் கடின அளவில் 9.

முதலில் மோதிரத்தைத் திருப்பிப் பாருங்கள். கல்லின் அடி தகட்டால் மூடியிருந்தால் அங்கேதான் சந்தேகம் தொடங்க வேண்டும். பழைய காலத்தில் நிறம் கூட்ட உள்ளே பளபளத் தாள் வைப்பார்கள். வெளிறிய கல்லும் வெறும் கண்ணாடியும் அதனால் கடும் நீலமாகத் தெரியும். அந்த வகையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் தாள் கறுத்துவிடும்.

அடி திறந்திருந்தால் கல்லின் முகத்தை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வையுங்கள். ஓரத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரிந்தால் அது கார்னெட் ஒட்டுக்கல். வளையம் தெரியவில்லை என்பதற்காக நல்ல கல் என்றும் முடிவுகட்ட வேண்டாம். பத்து மடங்கு லென்ஸில் பக்கவாட்டில் பாருங்கள்: ஒட்டிய மட்டத்தில் குமிழிகள் வரிசையாக நிற்கும். தீச்சுடரில் வளர்த்த கல்லில் நிறக்கோடுகள் வில்போல் வளைந்திருக்கும். இயற்கை நீலத்தில் நிறம் நேர்கோடாகவோ கோணம் மடிந்தோ ஓடும். பட்டு நூல் போன்ற நுண்ணிய ஊசிகளும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் துப்புரவாக இருக்கும் பெரிய கல் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள்.

மோதிரத்தின் உலோக வளையத்தையும் பார்க்காமல் விடாதீர்கள். நெடுங்காலம் போட்ட மோதிரம் உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து மெலிந்திருக்கும். எல்லா இடமும் ஒரே தடிப்பில் இருந்து, இடுக்கில் மட்டும் கறுப்புப் பிடித்திருந்தால் அந்தக் கறுப்பு மருந்தால் ஏற்றியதாக இருக்கலாம். உள்ளே இக்காலத் தங்கத் தர முத்திரையான “916” அடித்திருந்தால் ஒல்லாந்தர் கதை அத்துடன் முடிந்தது.

கல்லுக்கென்று தனிவிலை கேட்டால், கொழும்பில் உள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் பரிசோதனைக்குப் பிறகே அந்தப் பணம் என்று சொல்லுங்கள். அதுவரை தங்கத்தின் நிறைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டில் “நீலக்கல்” என்று மட்டும் எழுத விடாதீர்கள். இயற்கையா, நிறம் கூட்டச் சூடேற்றியதா, எத்தனை கரட், பரிசோதனையில் சொன்னபடி இல்லை என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்பும் என்பதை எழுதி, அடையாள அட்டை இலக்கத்துடன் கையொப்பம் வாங்குங்கள்.